தாய்க்கு ஏற்ற மகள்

தாயைப் போல பிள்ளை என்பார்கள். ரேடியத்தைக் கண்டுபிடித்த மேரி கியூரி அம்மையாரின் மூத்த மகள் ஐரின், அதை மெய்ப்பித்துக் காட்டியவர்.

ஐரின் 1897-ம் ஆண்டு பாரீஸ் நகரில் பிறந்தார். அவருக்கு 8 வயதானபோது தந்தை பியரி குதிரை வண்டியில் அடிபட்டு இறந்தார். தாயே மகளை ஆளாக்கினார். முதல் உலகப் போரில் தாயும் மகளும் போர்முனை ஆஸ்பத்திரிகளுக்குச் சென்று, காயம்பட்ட சிப்பாய்களுக்கு எக்ஸ்-ரே படம் எடுத்தார்கள்.

பிறகு தாயின் ஆராய்ச்சிக் கூடத்திலேயே ஐரின் வேலை பார்த்தார். அங்கிருந்த பிரெடரிக் ஜோலியோ என்ற விஞ்ஞானியை 1926-ல் மணந்தார்.

கைநழுவிய வெற்றி

எலெக்ட்ரானைப் போன்ற எடையும், எதிரான மின்சாரமும் கொண்ட துகள் பாசிட்ரான். அதன் தடத்தைத் தம்பதிகள் முன்பே கண்டார்கள். ஆனால், எலெக்ட்ரான்தான் எதிர்த்திசையில் வருகிறது என்று எண்ணி விட்டுவிட்டார்கள். 1932-ல் பாசிட்ரானைக் கண்டுபிடித்த புகழ் அமெரிக்காவின் ஆண்டர்சனுக்குப் போயிற்று.

அலுமினியத் தகட்டின் மீது பொலோனியத்தின் கதிர்களைப் பாய்ச்சினால் நியூட்ரானும் பாசிட்ரானும் வெளிவருவதாக, 1933-ல் பிரஸ்ஸல்ஸ் மாநாட்டில் தம்பதிகள் கூறினார்கள். தம் சோதனையில் ஒரு நியூட்ரான்கூடக் கிடைக்கவில்லை என்று லீஸ் மெய்ட்னர் அம்மையார் மறுத்தார். தம்பதிகள் மனம் சோர்ந்து ஊர் திரும்பினார்கள்.

நிற்காத கருவி

1934 ஜனவரி. பொலோனியத்தைத் தகட்டை விட்டு அகற்றினார் ஜோலியோ. துகள்களை எண்ணும் கருவி உடனே ஓய்ந்திருக்க வேண்டும். ஓயவில்லை!

கருவியில் கோளாறோ? வோல்ப்காங் ஜென்ட்னர் என்ற ஜெர்மானிய இளைஞர் இரவிலேயே அதைச் சோதித்தார். கருவியில் குற்றமில்லை.

அப்படியானால் பாசிட்ரான்கள் தகட்டிலிருந்தே வந்தன! அலுமினியத்தில் மிகச் சிறு பகுதி, கதிர் வீசும் பாஸ்பரஸாக மாறியிருந்தது. சுமார் 3 நிமிடத்துக்கு ஒரு முறை அதன் வேகம் பாதியானது. அந்தச் சில நிமிடங்களுக்குள் தகட்டை அமிலத்தில் கரைத்து, பாஸ்பரஸை வாயுவாகப் பிரித்து, தம்பதிகள் உண்மையை நிரூபித்தார்கள். மனிதன் செயற்கையாகக் கதிரியக்கத்தை உண்டாக்கியது அதுவே முதல் முறை.

அந்தச் சோதனைக் குழாயை மேரி கியூரி கையில் வாங்கிப் பார்த்தார். அவ்வாண்டு ஜூலையில் அவர் காலமானார். 1935-ல் மகளும் மருமகனும் நோபல் பரிசு பெற்றதைக் காண அவர் இல்லை.

இன்றும் அதே கவனம்

உலோகத்துக்குள் இருக்கும் நுண்ணிய குறைகளை அறிய, இன்று பாசிட்ரானின் ஆயுளை அளக்கிறார்கள். செயற்கையாகச் செய்த சோடியம்-22 உப்பை மெல்லிய தாளில் மூடி, இரு உலோகத் துண்டுகளின் நடுவே வைக்கிறார்கள். பாசிட்ரான் எலெக்ட்ரானைச் சந்தித்ததும் இரண்டும் அழிந்து காமா கதிராகின்றன. சில பாசிட்ரான்கள் உப்பிலும் தாளிலுமே அழிந்துவிடும். அந்தக் கணக்கைக் கழிக்காவிட்டால், நல்ல உலோகமும் குறையுள்ளதாகத் தோன்றும்.

1936-ல் ஐரின் பிரான்சின் துணை மந்திரியானார். அப்போது அந்நாட்டில் பெண்களுக்கு ஓட்டுரிமையே கிடையாது!

1956 மார்ச் 17-ந் தேதி, 58-வது வயதில், இரத்தப் புற்றுநோயால் அவர் காலமானார். பல்லாண்டு பழகிய கதிர்களே காரணம் என்று கருதப்படுகிறது. அவருடைய மகள் ஹெலனும் அணு விஞ்ஞானியானார்.