எண்ணி மாளாததை எண்ணியவர்

கணக்கு என்றாலே நம்மில் பலருக்குக் கசப்பு. அந்தக் கணக்கையே உயிர்மூச்சாகக் கொண்டு வாழ்ந்தவர் சீனிவாச இராமானுஜன். 1887 டிசம்பர் 22 அன்று ஈரோட்டில் பிறந்து, கும்பகோணத்தில் வளர்ந்தார். தந்தை துணிக்கடையில் கணக்கர். பள்ளியில் பரிசுகள் பெற்றவர், கல்லூரியில் கணிதம் ஒன்றிலேயே மனத்தைச் செலுத்தியதால், மற்றப் பாடங்களில் தோற்று உதவித்தொகையை இழந்தார். காகிதம் வாங்க வசதியின்றிச் சிலேட்டில் கணக்கிட்டு, முழங்கையால் அழித்து, விடைகளை மட்டும் நோட்டில் குறித்து வைத்தார். 1912இல் சென்னைத் துறைமுகத்தில் எழுத்தரானார். அங்கிருந்தபடியே 1913இல் கேம்பிரிட்ஜ் கணித அறிஞர் ஹார்டிக்குத் தம் கணக்குகளை எழுதி அனுப்பினார். அக்கடிதத்தின் பயனாக 1914இல் கப்பலேறினார்.

அங்கு அவர் ஆராய்ந்தவற்றுள் ஒன்றை நாமும் செய்து பார்க்கலாம். 12ஐ மீதியின்றி வகுக்கும் எண்கள் 1, 2, 3, 4, 6, 12 என ஆறு. 12க்குக் குறைந்த எந்த எண்ணுக்கும் இத்தனை வகு எண்கள் இல்லை. இத்தகைய எண்களைப் பற்றி 1915இல் அவர் வெளியிட்ட கட்டுரைக்காகவே 1916இல் கேம்பிரிட்ஜ் பட்டம் கிடைத்தது.

அடுத்து 16ஐ எடுப்போம். அது நான்கு இரண்டுகளின் பெருக்கம். அந்த இரண்டுகளைக் கூட்டாகச் சேர்த்தால் 16, 8×2, 4×4, 4×2×2, 2×2×2×2 என ஐந்து வகை வரும். 4ஐக் கூட்டலாகப் பிரித்தாலும் 4, 3+1, 2+2, 2+1+1, 1+1+1+1 என அதே ஐந்துதான்! இதற்கு எண் பிரிவினை என்று பெயர். 4க்கு ஐந்து வகை; 10க்கு 42; 200க்கோ 3,97,299 கோடியே 90,29,388.

மக்மாகன் என்ற ஆங்கிலேயக் கணித அறிஞர் 200 வரைக்கும் கையாலேயே கணக்கிட்டு அட்டவணை தயாரித்தார். இராமானுஜனும் ஹார்டியும் 1918இல் வெளியிட்ட சூத்திரமோ, அத்தனை படிகளையும் ஏறாமல் அதே விடையைத் தந்தது. எண்ணிப் பார்த்த பொறுமையும் வழி கண்ட அறிவும் ஒன்றுக்கொன்று சான்றாயின.

அதே ஆண்டு இராயல் சொசைட்டி அவரை உறுப்பினராக ஏற்றது. ஆனால் உடல்நலம் குன்றிவிட்டது. 1919இல் தாயகம் திரும்பினார். மனைவி ஜானகி அம்மாள் அருகிருந்து பணிவிடை செய்ய, நோய்ப்படுக்கையிலும் கணக்கை விடவில்லை. 1920 ஏப்ரல் 26 அன்று சென்னையில் மறைந்தார்.

தேர்வில் தோற்றதோடு அவர் நோட்டை மூடியிருந்தால் உலகம் எவ்வளவு இழந்திருக்கும்! அவர் வாழ்ந்தது 32 ஆண்டுகள். தோழியரே, 32ஐ எத்தனை வகையாகப் பெருக்கி எழுதலாம்? பென்சிலை எடுப்போம், ஏழு வந்தால் நம் விடை சரி.