சக்கர நாற்காலியில் ஒரு மருத்துவர்

காட்கோபரின் மேற்கே அசல்பா குன்றின் சரிவில் வீடுகள் அடுக்கடுக்காக அமைந்துள்ளன. அங்குப் படிகளே தெருக்கள். காட்கோபர் மெட்ரோ நிலையத்திலோ மேலே செல்ல மின்தூக்கி உண்டு. ஓடியாடும் பிள்ளைகள் இவ்விரண்டிற்கும் உள்ள வேறுபாட்டை எண்ணிப் பார்ப்பதில்லை. சக்கர நாற்காலியில் கல்லூரிக்குச் செல்லும் மாணவருக்கோ அன்றைய படிப்பே அவ்வேறுபாட்டில்தான் இருக்கிறது. இதனைத் தம் உடலாலேயே அறிந்தவர் மருத்துவர் மேரி வர்கீஸ்.

இவர் 1925ஆம் ஆண்டு கொச்சியில் பிறந்தார். மருத்துவம் பயில விரும்பி, தமிழ்நாட்டின் வேலூரில் உள்ள கிறித்தவ மருத்துவக் கல்லூரியில் சேர்ந்தார். பட்டம் பெற்று அங்கேயே பணியாற்றி வந்தார்.

1954ஆம் ஆண்டு சனவரித் திங்களில் இளம் மருத்துவர்கள் சிலர் ஒரு வண்டியில் உலாச் சென்றனர். வழியில் வண்டி கவிழ்ந்தது. மேரியின் முகம் சிதைந்தது. முதுகுத் தண்டும் அடிபட்டது. நினைவு தெளிந்தபின் கால்களை அசைக்க முயன்றார், இயலவில்லை. இடுப்புக்குக் கீழே உணர்ச்சியே இல்லை. இனி நடக்க முடியாது என்பதை மருத்துவரான அவருக்குப் பிறர் விளக்க வேண்டிய தேவையில்லை. அதுவே அவருடைய துயரத்தைப் பெருக்கியிருக்கும்.

அப்போது வேலூரில் பால் பிராண்ட் என்னும் அறுவை மருத்துவர் பணிபுரிந்து வந்தார். தொழுநோயால் நரம்பு கெட்டு மடங்கிப்போன விரல்களை, தசைநாண்களை இடம் மாற்றித் தைத்து மீண்டும் இயங்கச் செய்வதில் அவர் முன்னோடி. கைகளில் செய்யும் அறுவை சிகிச்சையை அமர்ந்தபடியே செய்யலாம். அவ்வாறாயின் சக்கர நாற்காலியில் அமர்ந்திருப்பவரும் செய்யலாம் அல்லவா? பிராண்ட் இவ்வழியைக் காட்டினார். மேரி முதலில் தயங்கினார், பின்பு துணிந்தார். எழுந்து நிற்க இயலாத அவருடைய கைகளால் எத்தனையோ நோயாளிகளின் விரல்கள் நிமிர்ந்தன. இவ்வரலாற்றில் இப்பகுதியே எனக்கு மிகவும் பிடித்தது.

பின்னர் அவர் ஆஸ்திரேலியாவின் பெர்த் நகருக்குச் சென்று, பிறர் துணையின்றித் தம் வேலைகளைச் செய்துகொள்ளப் பயிற்சி பெற்றார். அடுத்து நியூயார்க்கில் மறுவாழ்வு மருத்துவம் கற்றார். தாயகம் திரும்பி, வேலூரில் அத்துறையின் முதல் தலைவரானார். 1966ஆம் ஆண்டு, வேலூரை அடுத்த பாகாயத்தில், நோயாளிகள் தங்கிப் பயிற்சி பெறும் மறுவாழ்வு நிலையம் திறக்கப்பட்டது. இந்தியாவில் அவ்வகையில் அதுவே முதலாவது.

அங்கு என்ன கற்பித்தனர்? முதுகுத் தண்டு அடிபட்டவருக்கு உட்கார்ந்த இடம் வலிப்பதில்லை. வலியில்லாமையே ஆபத்து. அசையாமல் அமர்ந்திருந்தால் தோல் நைந்து புண்ணாகும். ஆகவே அவர் சிறிது நேரத்திற்கு ஒருமுறை கைகளை ஊன்றி உடலை உயர்த்த வேண்டும். போதிய நீர் அருந்த வேண்டும். கழிப்பறைக்குள் நாற்காலி நுழையவில்லையெனில் பலர் தண்ணீரே குடிக்காமல் இருந்துவிடுவர். அதனால் சிறுநீரகம் கெடும். குறுகிய கதவு ஒன்று நோய்க்குக் காரணமாவது இப்படித்தான்.

இந்திய அரசு 1972ஆம் ஆண்டு மேரிக்குப் பத்மஸ்ரீ விருது வழங்கியது. அவர் 1986ஆம் ஆண்டு மறைந்தார். அவருடைய காலத்துக் கல்லூரிகளில் சாய்தளம் காண்பது அரிது. அவர் மறைந்து 30 ஆண்டுகள் கழித்து, 2016ஆம் ஆண்டில் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் நிறைவேறியது. அரசு உயர்கல்வி நிறுவனங்களிலும் அரசின் நிதியுதவி பெறும் நிறுவனங்களிலும், குறிப்பிட்ட அளவு உடற்குறை உடையோருக்கு 5 விழுக்காட்டுக்குக் குறையாத இடம் ஒதுக்கப்பட வேண்டும். கட்டடங்களும் தடையின்றி அமைய வேண்டும் என்கிறது அச்சட்டம். இடம் கிடைத்தும் வகுப்பு மாடியில் இருந்தால் மாணவர் என்ன செய்வார்?

ஓரடி உயரம் ஏறப் பன்னிரண்டு அடி நீளச் சாய்தளம் வேண்டும் என்பது பொதுவான கணக்கு. உங்கள் பள்ளி வாயிலிலிருந்து நூலகம் வரை உள்ள படிகளை எண்ணுங்கள். அவற்றின் மொத்த உயரத்தை அளந்து, எவ்வளவு நீளச் சாய்தளம் தேவைப்படும் எனக் கணக்கிட்டு ஏட்டில் எழுதுங்கள்.