அறை நண்பர் கற்றுத்தந்த பாடம்

புனித பிரான்சிஸ் சவேரியார் 1506-இல் நவார் நாட்டில் உயர்குடியில் பிறந்தார். ஒன்பது வயதில் தந்தையை இழந்தார். 1525-இல் பாரிசுக்குப் படிக்கச் சென்றவருக்குப் பட்டமும் பதவியுமே கனவு.

1529-இல் அவரது அறைக்கு இஞ்ஞாசியார் வந்தார். தம்மைவிட மூத்த அந்த ஏழை மாணவரைச் சவேரியார் முதலில் பொருட்படுத்தவில்லை. இஞ்ஞாசியாரோ பொறுமையாக அன்பு காட்டினார், பணமுடையில் கைகொடுத்தார். அந்த அன்பு மெல்ல மெல்ல அவரை மாற்றியது. 1534 ஆகஸ்டு 15 அன்று, 28-ஆம் வயதில், மோன்மார்த்தர் குன்றில் தோழர்களோடு வார்த்தைப்பாடு கொடுத்தார்.

பாரிசில் மெய்யியல் போதித்தவர், 1542-இல் முத்துக்குளித்துறைக்கு வந்து, தமிழ்ச் செபங்களை மனப்பாடம் செய்து, மணியடித்துச் சிறுவரைக் கூட்டிக் கற்பித்தார்.

நம் பிள்ளைகளின் மதிப்பெண்ணை விசாரிக்கும் நாம், அவர்களின் நண்பர்களை அறிவோமா? அப்படியொரு நண்பராக நாம் யாருக்காவது இருக்கிறோமா?