தோல் வணிகத்திலிருந்து தொண்டுக்கு: கண்ணியமிகு காயிதே மில்லத்

அளவற்ற அருளாளனும் நிகரற்ற அன்புடையோனுமாகிய அல்லாஹ்வின் திருப்பெயரால்...

நம் ஜமாஅத்தின் இளைய தலைமுறையினர் காயிதே மில்லத் என்னும் பெயரைக் கல்லூரியின் பெயராகவும் சாலையின் பெயராகவும் மட்டுமே அறிந்திருப்பது நமக்குக் கவலையளிக்கிறது. ஆகவே அன்னாரின் வாழ்வைச் சுருக்கமாக இங்கே நினைவுகூர்கிறோம்.

முஹம்மது இஸ்மாயீல் சாஹிப் அவர்கள் 5-6-1896 அன்று திருநெல்வேலிப் பேட்டையில் மியாகான் ராவுத்தரின் மகனாகப் பிறந்தார்கள். இளமையிலேயே தந்தையை இழந்த அன்னாரை அன்னையார் மார்க்கப் பற்றோடு வளர்த்தார்கள். 1920-இல் ஒத்துழையாமை இயக்கத்தின் அழைப்பை ஏற்று பி.ஏ. தேர்வைப் புறக்கணித்தார்கள். பின்னர் சென்னையில் தோல் வணிகத்தில் ஈடுபட்டு நாணயமான வணிகர் எனப் பெயர் பெற்றார்கள்.

பொதுவாழ்வில் இறங்கிய அன்னார் சென்னை மாகாண முஸ்லிம் லீகின் தலைவராக உயர்ந்து, 1946 முதல் 1952 வரை சட்டமன்ற எதிர்க்கட்சித் தலைவராகப் பணியாற்றினார்கள்.

அன்னாரின் உறுதியைச் சோதித்தது பிரிவினைக்குப் பிந்தைய காலம். முஸ்லிம்கள் ஐயக்கண் கொண்டு நோக்கப்பட்டனர். லீகைக் கலைத்துவிடுவதே நலம் எனச் சமுதாயத்திற்குள்ளும் பலர் கருதினர். அன்னாரோ பிறந்த மண்ணை விட்டும் அகலவில்லை, சமுதாயத்தையும் கைவிடவில்லை. 10-3-1948 அன்று சென்னை ராஜாஜி மண்டபத்தில் இந்திய யூனியன் முஸ்லிம் லீகைத் தோற்றுவித்துத் தலைமையேற்றார்கள்.

அரசியல் நிர்ணய சபையில் தனியார் சட்டத்தின் பாதுகாப்புக்காகத் திருத்தம் கொண்டுவந்தார்கள்; ஏற்கப்படவில்லை. இட ஒதுக்கீடு நீடிக்க வேண்டுமென வாதிட்டார்கள், அதுவும் நிறைவேறவில்லை. ஆட்சிமொழி விவாதத்தில் தமிழின் தொன்மையை எடுத்துரைத்தார்கள். கோரிக்கைகள் தோற்றபோதும் கசப்படையாமல், அதே சட்டத்தின் வரம்புக்குள் நின்று உரிமைக்காக உழைத்ததே அன்னாரின் சிறப்பு எனக் கருதுகிறோம்.

1952 முதல் 1958 வரை மாநிலங்களவையில் பணியாற்றினார்கள். 1962, 1967, 1971 ஆகிய மூன்று தேர்தல்களிலும் கேரளத்தின் மஞ்சேரித் தொகுதி மக்கள் தமிழரான அன்னாரை மக்களவைக்குத் தேர்ந்தெடுத்தனர். கல்வியே சமுதாயத்தின் விடியல் என உணர்ந்து, கல்லூரிகள் உருவாகவும் துணைநின்றார்கள். உயர்பதவிகள் வந்தபோதும் எளிமையைக் கைவிடவில்லை.

5-4-1972 அன்று சென்னையில் இறையழைப்பை ஏற்ற அன்னார், திருவல்லிக்கேணி வாலாஜா பள்ளிவாசல் வளாகத்தில் நல்லடக்கம் செய்யப்பட்டார்கள்.

பொறுப்பு என்பது அமானிதம். பள்ளிவாசல் நிர்வாகமாயினும் நாடாளுமன்றமாயினும் அதற்கு இறைவனிடம் கணக்குண்டு. கத்திவாக்கம் ஜமாஅத்தாராகிய நாமும் அவ்வச்சத்தோடு செயலாற்றுவோமாக! அல்லாஹ் அன்னாரின் பிழைகளைப் பொறுத்து உயர்ந்த சுவனபதியை வழங்குவானாக! ஆமீன்.