லயனல் வென்ட்

லயனல் வென்ட் (1900 - 1944) இலங்கையின் புகழ்பெற்ற ஒளிப்படக் கலைஞரும் பியானோ இசைக்கலைஞரும் ஆவார். 43 குழு என்னும் ஓவியர் அமைப்பு உருவாக முதற் காரணமாக இருந்தவரும் இவரே.

வாழ்க்கை

கொழும்பில் பறங்கியர் குடும்பமொன்றில் பிறந்தார். தந்தையார் உயர் நீதிமன்ற நீதிபதி. இலண்டனில் சட்டமும் இசையும் பயின்று நாடு திரும்பிய வென்ட், விரைவிலேயே சட்டத்தொழிலைக் கைவிட்டார். பாப்லோ நெருடா கொழும்பில் தூதரகப் பணியில் இருந்தபோது இவருடன் நட்புக் கொண்டிருந்தார். 1934 இல் வெளியான சோங் ஒஃப் சிலோன் என்னும் ஆவணப்படத்தின் பின்னணி உரையை வாசித்தவரும் இவரே.

43 குழு

இலங்கைக் கலைச் சங்கம் மேனாட்டுக் கல்விக்கூட மரபையே போற்றிவந்தது. அதற்கு மாற்றாக, ஆகத்து 1943 இல் கில்போர்ட் கிரசென்டில் இருந்த வென்டின் வீட்டில் ஓவியர்கள் கூடிக் குழுவைத் தொடங்கினர். ஜோர்ஜ் கீற், ஐவன் பீரிசு, ஹரி பீரிசு, மஞ்சுசிறீ, ஜோர்ஜ் கிளாசன், ஒப்ரி கொலெட் முதலியோர் இதில் இருந்தனர். குழுவின் முதற் கண்காட்சி அவ்வாண்டு நவம்பரில் நடைபெற்றது. அடுத்த ஆண்டு டிசம்பரில் வென்ட் காலமானார்.

மறைவுக்குப் பின்

குழு உடனே கலைந்துவிடவில்லை. 1950களில் இலண்டன், பாரிசு, வெனிசு நகரங்களிலும் அதன் ஓவியங்கள் காட்சிக்கு வைக்கப்பட்டன. எனினும் ஐவன் பீரிசும் கிளாசனும் இங்கிலாந்திலும், பின்னர் கொலெட் ஆசுத்திரேலியாவிலும் குடியேறினர். 1960களில் கண்காட்சிகள் நின்றுபோயின. குழுவின் ஆக்கங்கள் பலவற்றை ஹரி பீரிசு பார்ன்சு பிளேசில் உள்ள தம் இல்லத்தில் பேணினார். 1974 இல் அது சபுமல் அறக்கட்டளை ஆயிற்று.

வென்டின் வீடு இன்று இல்லை. அந்நிலத்தில் அவர் பெயரிலான அரங்கு 1953 இலும் கலைக்கூடம் 1959 இலும் திறக்கப்பட்டன. அவருடைய ஒளிப்படங்களின் எதிர்மறைகள் அவர் இறந்த பின் அழிக்கப்பட்டன. இது பேரிழப்பு என்றே கூறவேண்டும். எஞ்சிய அச்சுப் படிகளிலிருந்து தெரிந்தெடுத்தவை 1950 இல் நூலாக வெளிவந்தன.