பிணையாகச் சென்ற பிள்ளைகள்: தந்தை திப்பு சுல்தானின் கதை

திப்பு சுல்தான் என்றதும் நம் பிள்ளைகளின் நினைவுக்கு வருவது வாளும் புலியும் ராக்கெட்டும்தான். பள்ளிக்கூடத்தில் நான்கு மைசூர்ப் போர்கள், அவற்றின் ஆண்டுகள், உடன்படிக்கைகள் என்று மனப்பாடம் செய்து மதிப்பெண்ணும் வாங்கிவிடுகிறார்கள். 1792-ஆம் ஆண்டு ஸ்ரீரங்கப்பட்டண உடன்படிக்கையில் பாராமகால் சீமை ஆங்கிலேயருக்குப் போனது என்பது அந்தப் பாடத்தில் ஒரே ஒரு வரி. அந்தப் பாராமகால்தான் இன்று நாம் குடியிருக்கும் தருமபுரியும் அடுத்துள்ள கிருஷ்ணகிரியும்.

நம்முடைய மண் கைமாறிய அதே உடன்படிக்கையில் இன்னொரு நிபந்தனையும் இருந்தது. சுல்தானுடைய மூத்த மகன்கள் மூவரில் இருவரை ஆங்கிலேயரிடம் பிணையாக ஒப்படைக்க வேண்டும் என்பதே அது. திப்புவின் வீரத்தைப் பற்றி நிறையப் பேசியிருக்கிறோம். அவருடைய வீட்டுக்குள் வளர்ந்த குழந்தைகளைப் பற்றி அதிகம் பேசியதில்லை. சிறு பிள்ளைகளை வளர்த்துக்கொண்டிருக்கும் நமக்கு அந்தக் கதையில்தான் பாடம் அதிகம் இருக்கிறது.

தந்தையின் கடனுக்கு அடைபட்ட சிறுவன்

கதை திப்புவின் தந்தை ஹைதர் அலியிடமிருந்து தொடங்குகிறது. ஹைதருடைய தந்தை ஃபத்ஹ் முஹம்மது ஒரு படைத்தலைவர். போரில் அவர் இறந்தபோது ஹைதரும் அண்ணன் ஷஹ்பாஸும் விவரம் அறியாத சிறுவர்கள். இறந்தவர் தர வேண்டிய பாக்கி இருக்கிறது என்று சொல்லி, தொட்டபல்லாபூரில் இருந்த அதிகாரி அந்தக் குடும்பத்தைப் பிடித்து வைத்தார். யத்தீம்களாகிவிட்ட அந்த இரண்டு பிள்ளைகளையும் ஒரு பெரிய நகாராவுக்குள் அடைத்து, மேலே தோலை இறுக்கி அடித்து, பணம் கேட்டு வதைத்ததாக வரலாற்றாசிரியர்கள் எழுதியுள்ளார்கள். பிறகு உறவினர் உதவியால் குடும்பம் மீண்டது. தகப்பன் வாங்கிய கடன், அதைப் பற்றி எதுவுமே தெரியாத பிள்ளைகளின் தலையில் விழுந்தது.

கோட்டைக்குள் சிக்கிய மகன்

அந்த ஹைதர் அலிக்கும் ஃபாத்திமா ஃபக்ருன்னிஸாவுக்கும் 1750 நவம்பர் 20 அன்று தேவனஹள்ளியில் பிறந்தவர் திப்பு. ஆற்காட்டில் அடங்கியிருக்கும் திப்பு மஸ்தான் அவ்லியா அவர்களின் பெயரையே பிள்ளைக்குச் சூட்டினார்கள். ஹைதருக்கு எழுதப் படிக்கத் தெரியாது. தனக்குக் கிடைக்காத கல்வி மகனுக்குக் கிடைக்க வேண்டும் என்று தேர்ந்த ஆசிரியர்களை அமர்த்தினார். போர்ப் பயிற்சி தர காஸி கான் என்ற தளபதியை நியமித்தார். தந்தை படிக்காத அந்த வீட்டில் வளர்ந்த மகன், பிற்காலத்தில் இரண்டாயிரம் அளவுக்கு நூல்கள் கொண்ட ஒரு நூலகத்துக்கே சொந்தக்காரரானார்.

1760-இல் ஹைதரின் நம்பிக்கைக்குரியவராக இருந்த கண்டே ராவ் அவருக்கு எதிராகத் திரும்பினார். உயிர் தப்ப வேண்டிய கட்டாயத்தில் ஹைதர் இரவோடு இரவாக ஆனேக்கல் வழியாக பெங்களூருக்கு ஓடினார். மனைவி மக்கள் ஸ்ரீரங்கப்பட்டணத்தில் எதிரியின் கையில் சிக்கிக்கொண்டார்கள். அப்போது திப்புவுக்கு இன்னும் பத்து வயது நிறையவில்லை. மறு ஆண்டு ஹைதர் திரும்பி வந்து வென்று குடும்பத்தை மீட்டார். தகப்பன் எங்கே, இருக்கிறாரா இல்லையா என்று தெரியாமல் காவலில் கழித்த அந்த மாதங்கள் திப்புவின் சிறுவயதில் ஒரு பகுதி. இந்த பத்து வயதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

இரண்டு திருமணமும் ஒரு குடும்பமும்

1774-இல் திப்புவுக்குத் திருமணப் பேச்சு வந்தது. நம் வீடுகளில் நடப்பது அந்த அரண்மனையிலும் நடந்தது. தந்தை ஓரிடத்தில் பெண் பார்த்தார், வீட்டுப் பெண்கள் வேறோரிடத்தில் பார்த்தார்கள். இரண்டு தரப்பும் விட்டுக்கொடுக்கவில்லை. கடைசியில் இரண்டு பெண்களுக்கும் திப்புவோடு நிகாஹ் நடந்தது. அவர்களில் ஒருவர் ருகையா பானு. படைத்தலைவர் புர்ஹானுத்தீனின் சகோதரி. இவருக்குப் பிறந்தவர்தான் முயிஸுத்தீன். அவரைவிட இரண்டு வயது அளவுக்கு மூத்தவர் அப்துல் காலிக். இவர்களுக்கெல்லாம் மூத்தவர் ஃபத்ஹ் ஹைதர்.

போர் நம் மண்ணுக்கு வந்தது

மூன்றாம் மைசூர்ப் போர் 1790-இல் மூண்டது. அந்த ஆண்டே சத்தியமங்கலத்தில் புர்ஹானுத்தீன் கொல்லப்பட்டார். ருகையா பானு அண்ணன் தம்பி உறவை இழந்தார். முயிஸுத்தீன் தாய்மாமனை இழந்தார். அதே ஆண்டு நவம்பரில் ஆங்கிலப் படையும் திப்புவின் படையும் நம் தொப்பூர் கணவாயில் நெருங்கி வந்தன. பின்தொடர்ந்தவர்களின் கண்ணில் மண்ணைத் தூவிவிட்டு, திப்பு அந்தக் கணவாய் வழியாகவே நழுவிக் கர்நாடகச் சமவெளிக்குள் இறங்கினார். 1791-இல் பென்னாகரம் கோட்டையை ஆங்கிலப் படை தாக்கிப் பிடித்தது. இன்று லாரிகள் மெதுவாக இறங்கும் தொப்பூர் மலைப்பாதையும், ஒகேனக்கல் போகிறவர்கள் தேநீர் குடிக்க நிற்கும் பென்னாகரமும் அன்று குதிரைக் குளம்பொலியும் பீரங்கிப் புகையுமாக இருந்த இடங்கள்.

1792 பிப்ரவரி 6 இரவு, கார்ன்வாலிஸ் தலைமையில் ஆங்கிலப் படை ஸ்ரீரங்கப்பட்டணத்தின் வெளி அரண்களைத் தாக்கியது. பீரங்கி முழக்கம் அந்தப்புரம் வரை அதிர்ந்தது. அடுத்த சில நாட்களில் ருகையா பானு இறந்துபோனார். அச்சமும் கவலையுமே அவர் உயிரைக் குடித்தன என்று அந்தப் படையில் இருந்த ஆங்கில அதிகாரியே பதிவு செய்திருக்கிறார். முயிஸுத்தீனுக்கு அப்போது வயது சுமார் எட்டு.

கோட்டை வாசலில் ஒரு தந்தை

தாய் மறைந்த துக்கம் ஆறுவதற்குள் சமாதான நிபந்தனைகள் வந்தன. ஆட்சிப் பரப்பில் பாதியையும் மூன்று கோடியே முப்பது லட்சம் ரூபாயையும் தர வேண்டும். பணத்தில் பாதியை உடனேயும் மீதியைத் தவணையாகவும் செலுத்தலாம். அதுவரை பிள்ளைகள் இருவர் பிணை. அனுப்ப முடிவானவர்கள் அப்துல் காலிக்கும், தாயை இழந்து சில வாரங்களே ஆன முயிஸுத்தீனும். அப்துல் காலிக்குக்குப் பத்து வயது. அதே கோட்டையில் தந்தை திப்பு சிறைப்பட்டிருந்த அதே வயது.

அந்தப்புரத்துப் பெண்கள் அழுது புலம்பி ஒருநாள் கூடுதலாகக் கேட்டார்கள். அதுவும் கிடைத்தது. பிப்ரவரி 26 அன்று பகல், வெள்ளை மஸ்லின் அங்கியும் சிவப்புத் தலைப்பாகையும் முத்துமாலையும் அணிந்து இரண்டு சிறுவர்களும் யானைமேல் அமர்ந்து கோட்டையை விட்டுப் புறப்பட்டார்கள். மதில் முழுக்க மக்கள் நின்றிருந்தார்கள். வாசலுக்கு மேலே சுல்தானும் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். இருபத்தொரு பீரங்கிக் குண்டுகள் முழங்கின. கார்ன்வாலிஸ் தன் கூடாரத்தில் பிள்ளைகளைத் தழுவி வரவேற்று ஆளுக்கொரு தங்கக் கடிகாரம் கொடுத்தார். இனிமேல் இவர்களுக்குத் தாங்களே தகப்பனாக இருக்க வேண்டும் என்ற கருத்தைச் சொல்லி, சுல்தானின் தூதர் குலாம் அலி கான் அவர்களை ஒப்படைத்தார்.

இந்தக் காட்சியை ஆங்கில ஓவியர்கள் பலர் விதவிதமாக வரைந்தார்கள். ராபர்ட் ஹோம் என்பவர் வரைந்தது இன்றும் லண்டன் தேசிய இராணுவ அருங்காட்சியகத்தில் இருக்கிறது. அந்த ஓவியங்களில் கார்ன்வாலிஸ் கருணையே உருவாக நிற்கிறார். ஆனால் மூன்று வாரங்களுக்குள் அந்தக் கருணையின் அளவு தெரிந்துவிட்டது. ஒப்படைக்க வேண்டிய பகுதிகளில் குடகையும் சேர்த்ததைத் திப்பு எதிர்த்தார். பேச்சு முறிந்தது. உடனே பிள்ளைகளோடு வந்திருந்த காவலர்களின் ஆயுதங்களைப் பறித்துவிட்டு, பிள்ளைகளைத் தந்தையின் ஊரிலிருந்து விலக்கி பெங்களூர்ப் பக்கம் நடத்திச் செல்லத் தொடங்கினார்கள். திப்பு பணிந்தார். மார்ச் 18-இல் உடன்படிக்கை கையெழுத்தானது. மறுநாள் அந்த ஆவணத்தைக் கார்ன்வாலிஸ் கையில் கொடுக்க வைத்ததும் அந்தச் சிறுவர்களைத்தான். தகப்பனுடைய பாதி நாட்டைப் பத்து வயது மகன் தன் கையால் எடுத்துக் கொடுத்தான். அதில் நம் தருமபுரியும் இருந்தது.

நியாயமாக ஒன்றையும் சொல்ல வேண்டும். ஸ்ரீரங்கப்பட்டணத்தில் பிறர் வீட்டுப் பிள்ளைகளும் அடைபட்டிருந்தார்கள். போரில் பிடிபட்ட ஆங்கிலச் சிறுவர்களும், குடகிலிருந்து குடும்பத்தோடு கொண்டுவரப்பட்டவர்களும் அவர்களில் இருந்தார்கள். அவர்களுடைய தாய்மாரும் அழுதிருப்பார்கள். நம்மவர் என்பதால் இதை மறைப்பது நீதியாகாது.

சென்னையில் இரண்டு ஆண்டுகள்

பிள்ளைகள் சென்னைக்குக் கொண்டுபோகப்பட்டார்கள். கேப்டன் டவ்டன் என்பவர் பொறுப்பாளர். இன்று நுங்கம்பாக்கம் பெண்கள் கிறித்தவக் கல்லூரி வளாகத்தில் இருக்கும் டவ்டன் மாளிகை அவர் பெயரைத் தாங்கியது. வசதிக்குக் குறைவில்லை, மரியாதைக்கும் குறைவில்லை. வரவேற்புகளுக்கும் விருந்துகளுக்கும் அழைக்கப்பட்டார்கள். ஆனால் வீடு இல்லை.

அதே நேரத்தில் இங்கே கேப்டன் ரீட் பாராமகாலின் நிர்வாகியாக வந்தார். அவருக்கு உதவியாளராக வந்த தாமஸ் மன்றோ தருமபுரியில் தங்கி நிலங்களை அளந்து வரி விதித்தார். பிற்காலத்தில் ரயத்துவாரி முறை என்று பெயர் பெற்றது இங்கேதான் உருவானது. மண்ணும் மைந்தர்களும் ஒரே கையில் இருந்த காலம் அது.

ஸ்ரீரங்கப்பட்டணத்தில் திப்பு கட்டிலை விட்டுவிட்டுத் தரையில் முரட்டுத் துணி விரித்துப் படுக்கத் தொடங்கினார் என்று அவருடைய வரலாற்றை எழுதிய கிர்மானி குறிப்பிடுகிறார். யூஸுஃப் (அலை) அவர்களைப் பிரிந்த யஃகூப் (அலை) அவர்களின் துயரத்தை ஓதி வளர்ந்த சமுதாயம் நாம். பிள்ளையைப் பிரிந்த தகப்பனின் இரவு எப்படி இருக்கும் என்று நமக்கு விளக்க வேண்டியதில்லை.

பேசாத தந்தை

தவணைகள் செலுத்தி முடிந்தன. 1794 மார்ச் இறுதியில் டவ்டன் பிள்ளைகளைத் தேவனஹள்ளிக்கு அழைத்துவந்தார். திப்பு பிறந்த ஊர் அது. பிள்ளைகள் அச்சமும் மரியாதையுமாக நடந்து வந்து தந்தையின் காலடியில் தலையை வைத்தார்கள். திப்பு ஒரு வார்த்தையும் பேசவில்லை. குனிந்திருந்த பிள்ளைகளின் கழுத்தைத் தொட்டார். எழுந்தவர்களுக்கு உட்காரும் இடத்தைக் கையால் காட்டினார். சபையில் நடந்தது அவ்வளவுதான்.

இதைக் கல்மனம் என்று எழுதியவர்களும் உண்டு. எனக்கு அப்படித் தோன்றவில்லை. வெளிநாட்டிலிருந்து இரண்டு வருடம் கழித்து வீடு திரும்பும் எத்தனையோ தகப்பன்மாரைப் பார்த்திருக்கிறேன். பிள்ளை வளர்ந்து நிற்கும். என்ன பேசுவது என்று தெரியாமல் தலையை மட்டும் தடவிக்கொண்டு நிற்பார்கள். பிரிவு பிள்ளையின் உயரத்தை மட்டுமா மாற்றுகிறது? தகப்பனின் நாவையும் கட்டிவிடுகிறது.

பிறகு நடந்தவை

1799 மே 4 அன்று திப்பு ஸ்ரீரங்கப்பட்டணக் கோட்டை வாசலில் போரிட்டு ஷஹீதானார். அரண்மனைக்குள் ஆங்கில அதிகாரிகள் நுழைந்தபோது அங்கே இருந்தவர்களில் முயிஸுத்தீனும் ஒருவர். மறுநாள் தந்தையின் ஜனாஸாவைப் பின்தொடர்ந்து சென்றவர் அப்துல் காலிக். பிணையாகப் போய்வந்த அதே இரண்டு பிள்ளைகள்.

குடும்பம் முழுவதும் வேலூர்க் கோட்டைக்கு மாற்றப்பட்டது. அங்கேயும் குழந்தைகள் பிறந்தன, திருமணங்கள் நடந்தன. 1806 ஜூலை 9-இல் திப்புவின் மகள் ஒருவருக்கு நிகாஹ். அடுத்த நாள் விடியுமுன் சிப்பாய்ப் புரட்சி வெடித்தது. அதைக் காரணம் காட்டி மகன்மாரைக் கல்கத்தாவுக்கு அனுப்பிவிட்டார்கள். தந்தை இறந்தபோது நான்கு வயதுக் குழந்தையாக இருந்த கடைசி மகன் குலாம் முஹம்மது அங்கேதான் வளர்ந்தார். 1842-இல் கல்கத்தா தர்மதலாவில் அவர் ஒரு பள்ளிவாசல் கட்டினார். அது திப்பு சுல்தான் மஸ்ஜித் என்று தந்தையின் பெயராலேயே வழங்குகிறது. முகமும் சரியாக நினைவில் இல்லாத தகப்பனுக்கு ஒரு பிள்ளை செய்த கைமாறு அது.

நம் வீட்டுப் பிணைகள்

தாத்தா கடனுக்காக அடைபட்டார். தந்தை அரசியல் பகைக்காக அடைபட்டார். பேரப்பிள்ளைகள் போருக்காகப் பிணையானார்கள். மூன்று தலைமுறையிலும் பெரியவர்களின் கணக்கைச் சிறியவர்களே தீர்த்தார்கள்.

நமக்கு நாடும் இல்லை, கோட்டையும் இல்லை. ஆனால் பிணைப் பிள்ளைகள் நம் மஹல்லாக்களில் இல்லையா? கணவன் மனைவி பிணக்கு ஜமாஅத்துக்கு வரும்போது பெரும்பாலும் முதலில் பேசப்படுவது மஹரும் நகையும் சீர்ப்பொருளும்தான். பேச்சு முறியும்போது ஒரு தரப்பு பிள்ளையைத் தூக்கி வைத்துக்கொள்கிறது. பணம் வந்தால் பிள்ளையைக் காட்டுவோம் என்கிறது ஒரு பக்கம். வழக்கை வாபஸ் வாங்கினால்தான் அனுப்புவோம் என்கிறது மறுபக்கம். குடகுக்காகக் கார்ன்வாலிஸ் செய்ததற்கும் இதற்கும் என்ன வேறுபாடு? பார்க்க வரும் நாளில் ஒரு விலை உயர்ந்த பொம்மை கொடுக்கிறோம். அந்தத் தங்கக் கடிகாரமும் அப்படித்தான் கொடுக்கப்பட்டது.

தொழுகையில் குழந்தையின் அழுகுரல் கேட்டால் தாயின் மனம் படும் பாட்டை எண்ணித் தொழுகையையே சுருக்கிக்கொண்டவர்கள் நம் நபி (ஸல்) அவர்கள். வணக்கத்தையே குழந்தைக்காகச் சுருக்க முடியுமென்றால், நம் கோபத்தையும் பிடிவாதத்தையும் சுருக்க முடியாதா? பஞ்சாயத்தில் உட்காரும் பெரியவர்கள் முதல் கேள்வியாகப் பிள்ளை இன்று யாரிடம் இருக்கிறது, யாரைப் பார்க்காமல் ஏங்குகிறது என்று கேட்டால், பாதி வழக்கின் போக்கே மாறிவிடும்.

இன்று பெங்களூர் விமான நிலையம் இருப்பது அதே தேவனஹள்ளியில்தான். நம் மாவட்டத்திலிருந்து வளைகுடாவுக்குப் போகும் தகப்பன்மார் பலர் பிள்ளைகளிடம் விடைபெறுவதும், திரும்பி வந்து அவர்களைப் பார்ப்பதும் அங்கேதான். அடுத்த முறை அங்கே நிற்கும்போது, பேச்சு வராமல் பிள்ளைகளின் கழுத்தைத் தொட்ட அந்தத் தந்தையை நினைத்துக்கொள்ளுங்கள். பிறகு, அவர் செய்ய முடியாததை நீங்கள் செய்யுங்கள். பிள்ளையை அணைத்துக்கொண்டு நாலு வார்த்தை பேசுங்கள்.

நம் குழந்தைகளை நம் தவறுகளுக்குப் பிணையாக்காமல் அல்லாஹ் நம்மைக் காப்பானாக. ஆமீன்.