கழட்டிப் பார்த்த மனுஷன்

போன மாசம் ஒரு ஞாயிற்றுக்கிழமை. நாங்க அஞ்சு பேர், நண்பன் வீட்டுப் பழைய டீசல் ஜீப். திருத்தணியிலிருந்து பள்ளிப்பட்டு பக்கமா போய், ரோட்டை விட்டு இறங்கி, கரட்டை ஒட்டின மண் பாதையில ஏத்தினோம். டேங்க்ல டீசல் கம்மி. மேட்டுல வண்டி சாய்ஞ்சதும் இன்ஜின் ரெண்டு தடவை இருமிட்டு நின்னுடுச்சு. கேன்ல இருந்த டீசலை ஊத்தியும் ஸ்டார்ட் ஆகல.

அஞ்சு பேர்ல மூணு பேர் மெக்கானிக்கல். டீசல் சைக்கிள் படத்தைக் கண்ணை மூடிட்டு வரைவோம். ஆனா பானட்டைத் திறந்து வெச்சுட்டு வேடிக்கைதான் பார்த்தோம். அந்த வழியா வந்த லாரி டிரைவர் ஒருத்தர் எட்டிப் பார்த்தார். லைன்ல ஏர் புடிச்சிருக்குன்னார். ஃபில்டர் மேல இருந்த ஸ்க்ரூவை லூஸ் பண்ணி, கை பம்பை அழுத்திக்கிட்டே இருந்தார். நுரையா வந்த டீசல் குமிழி இல்லாம வர ஆரம்பிச்சதும் ஸ்க்ரூவை இறுக்கினார். பத்து நிமிஷம்கூட ஆகல. அவர் என்ன படிச்சிருக்கார்னு கேட்க எங்களுக்கு வெட்கமா இருந்தது.

திரும்பி வர்றப்போ எனக்கு ஜி.டி. நாயுடு ஞாபகம்தான். பேரை நீங்க கேள்விப்பட்டிருப்பீங்க, இந்தியாவின் எடிசன்னு பொது அறிவுப் புத்தகத்துல ஒரு வரி வருமே, அவர்தான். அந்தப் பட்டம் எனக்குப் பிடிக்கல. எடிசனை விட அந்த லாரி டிரைவருக்குத்தான் அவர் நெருக்கம்.

1893 மார்ச் 23, கோவை பக்கம் கலங்கல் கிராமத்துல பிறந்தார். படிப்பு தொடக்கப் பள்ளியோட சரி. இளவயசுல ஒரு வெள்ளைக்கார அதிகாரி ஓட்டிட்டு வந்த ரட்ஜ் மோட்டார் சைக்கிளைப் பார்க்கிறார். மாடும் குதிரையும் இல்லாம ஓடுற வண்டி! கோயம்புத்தூருக்குப் போய் ஹோட்டல்ல சர்வர் வேலை பார்த்து, காசு சேர்த்து, அந்த வண்டியையே 300 ரூபாய்க்கு வாங்கினார். நீங்களா இருந்தா அடுத்து என்ன பண்ணியிருப்பீங்க? ஊரைச் சுத்தியிருப்பீங்க. அவர் வண்டியை அக்குவேறு ஆணிவேறாக் கழட்டினார். திரும்பப் பூட்டினார். சொல்லிக்கொடுக்க ஆளும் இல்லை, வீடியோவும் இல்லை. அப்படித்தான் மெக்கானிக் ஆனார்.

நடுவுல பஞ்சு வியாபாரத்துல இறங்கி நஷ்டப்பட்டது தனிக் கதை. 1920ல, ராபர்ட் ஸ்டேன்ஸ் கொடுத்த கடனுதவியோட ஒரு பஸ் வாங்கி, பொள்ளாச்சிக்கும் பழனிக்கும் நடுவுல விட்டார். டிரைவரும் அவரேதான். அந்தக் காலத்து ரோட்டை நினைச்சுப் பாருங்க, மாட்டு வண்டிச் சக்கரம் பள்ளம் பறிச்ச பாதை. உடுமலை தாண்டி வண்டி நின்னா போன் பண்ண யாரு இருக்கா? டிக்கெட் வாங்கின ஜனம் பின்னாடி உட்கார்ந்திருக்கும். எங்களுக்கு ஆஃப்ரோடு ஞாயிற்றுக்கிழமை ஜாலி, அவருக்கு அது தினசரிப் பிழைப்பு. கழட்டிப் பூட்டத் தெரிஞ்சதாலதான் அந்த ஒரு பஸ் பின்னாடி யுனிவர்சல் மோட்டார் சர்வீஸ்ங்கிற பெரிய கம்பெனியா வளர்ந்ததுன்னு நான் நம்புறேன்.

1937ல டி. பாலசுந்தரம் நாயுடுவோட சேர்ந்து, பீளமேட்டுல, இந்தியாவிலேயே தயாரான முதல் மின் மோட்டாரைக் கொண்டுவந்தார். பேட்டரியில ஓடுற ரசாந்த் ஷேவிங் ரேசர், மண்ணெண்ணெய்ல சுத்துற ஃபேன்னு பட்டியல் நீளம். விடுங்க, அதை எல்லாரும் எழுதிட்டாங்க.

நமக்கு உறைக்க வேண்டிய சம்பவம் 1945ல இருக்கு. அவர் கொடுத்த நன்கொடையில கோவையில ஆர்தர் ஹோப் பேர்ல பாலிடெக்னிக்கும் பொறியியல் கல்லூரியும் ஆரம்பிச்சாங்க. அந்தக் கல்லூரிதான் இப்போ ஜி.சி.டி. பாலிடெக்னிக்குக்கு முதல்வரா உட்கார்ந்தவர், நாலு வருஷப் படிப்பு நேர விரயம், ரெண்டு வருஷம் போதும்னார். ஆங்கிலேய அரசு ஒத்துக்கல. பதவியைத் தூக்கிப் போட்டுட்டு வெளியே வந்துட்டார். ரெண்டு வருஷம் போதுமாங்கிறதுல எனக்குச் சந்தேகம்தான், தெர்மோடைனமிக்ஸ் மட்டுமே ஒரு வருஷம் கேட்கும். ஆனா அன்னைக்கு அந்த மேட்டுல நின்னப்போ அவர் பக்கம்தான் சாய்ஞ்சேன்.

1974 ஜனவரி 4ல காலமானார்.

வர்ற ஞாயிறு எங்கேயும் போகல. நண்பன் வீட்டு வாசல்லயே ஜீப்போட ஃபில்டர், பம்ப் எல்லாம் கழட்டப் போறோம். நீங்களும் வர்றதா இருந்தா பழைய சட்டை போட்டுட்டு, ஒரு ஸ்பேனர் செட்டோட வாங்க. எங்ககிட்ட இருக்கிறதுல பத்தாம் நம்பர் காணோம்.